நாள் குறித்ததாக நான் படித்த கடிதம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அங்கே நீ சௌக்கியமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டிருக்கிறேன், ஆனால் நீ எழுதிய பதிலை நான் ஒழுங்காகப் படித்ததில்லை என்று இப்போதுதான் தெரிகிறது, அதனால் இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் தெரியவேண்டும் என்றே கேட்கிறேன் கண்ணு, நீ எப்படி இருக்கிறாய். தமிழில் எழுதியிருக்கிறாரே என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். நீ ஒன்பதாம் வகுப்பில் விடுதிக்குப் போன நாளிலிருந்து எனக்கு இங்கிலீஷில்தான் எழுதவேண்டும் என்று சட்டம் போட்டவன் நான், நீ எழுதியதைச் சிவப்பு மையில் திருத்தித் திரும்ப அனுப்பியவனும் நான். வேலைக்குப் போய் இத்தனை வருஷம் ஆகியும் நீ அந்தச் சட்டத்தை மீறவில்லை. மீறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். சமையலறைச் சுவரில் ஓதம் ஏறி சுண்ணாம்பு உதிர்கிறது, கொத்தனார் இதோ வருகிறேன் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது. பென்ஷன் ஆபீசில் உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இப்படியே சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டு போகலாம், விஷயத்துக்கு வர கை கூசுகிறது, ஆனால் சொல்லாமல் இந்தக் கடிதத்தை ஒட்டமாட்டேன் என்று அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

நம் கட்டிடத்தில் எல்லாரும் என்னை இங்கிலீஷ் சார் என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். பாங்க் காகிதம், ஆஸ்பத்திரிக் காகிதம், வெளியூரிலிருந்து வரும் தபால் எல்லாம் நம் வீட்டு மேஜைக்குத்தான் வரும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டு நான் படித்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. இப்போது உன்னிடம் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பார்சல் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் பெட்டி மேல் ஒட்டிய இங்கிலீஷ். உடையக்கூடியது, இந்தப் பக்கம் மேலே, நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது, இவ்வளவுதான். ஒரு வரியில் இரண்டு வார்த்தை தெரிந்தால் போதும், நடுவில் இருப்பதை நானே இட்டு நிரப்பிவிடுவேன். பத்துக்கு எட்டு சரியாகவே வந்துவிடும், அதனால் மீதி இரண்டு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை, நானும் போய்ப் பார்த்ததில்லை.

கீழ் வீட்டுத் தையல்காரம்மாவின் மகன் வெளிநாட்டில் வெல்டர் வேலைக்குப் போனான் அல்லவா, அவனிடமிருந்து மூன்று வாரமாகப் போன் இல்லை என்று அந்தம்மா நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான்தான் கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். பத்து நாளில் பதில் வந்தது, மொத்தமே மூன்று வரி. வருத்தத்தோடு தெரிவிக்கிறோம், மாதத் தொடக்கத்தில் 'வி ஹேட் டு லெட் ஹிம் கோ', அவருக்கு எங்கள் வாழ்த்துகள், என்று இருந்தது. லெட் என்றால் விடு, கோ என்றால் போ, இது தெரியாதா எனக்கு. கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னேன், உங்கள் பையனை ஊருக்குப் போக விட்டுவிட்டார்கள் அம்மா, நல்ல வேலைக்காரன் போகிறானே என்று அவர்களுக்கு வருத்தமாம், வாழ்த்தி அனுப்பியிருக்கிறார்கள், கிளம்பி வந்துகொண்டிருப்பான், அதனால்தான் போன் இல்லை என்று. ஒரு மாதமாக அழுதுகொண்டிருந்த முகம் மகளே, அப்படியே மலர்ந்துவிட்டது. நம் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ நானே அவனைக் கூட்டி வந்துவிட்ட மாதிரி.

அவள் அன்றைக்கே அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொன்னாள். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், சீருடைத் துணி மலையாகக் குவிகிற நேரம், பிள்ளை வந்தால் கூட இருக்கவேண்டும் என்று பாதித் துணியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, தலை வாரிக்கொண்டு, விமான நிலையத்துப் பஸ் வந்து நிற்கும் இடத்துக்குப் போவாள். ஏழு மணிக்குத் தனியாகத் திரும்பி வருவாள். வழியில் என்னைப் பார்த்தால் நாளைக்கு வந்துவிடுவான் சார் என்று அவளே எனக்கு ஆறுதல் சொல்வாள்.

பத்து நாள் போயிருக்கும், முடி வெட்டிக்கொள்ள சலூனுக்குப் போனேன். அங்கே கிடக்கும் இங்கிலீஷ் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருவது என் வழக்கம், நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான். அன்றைக்கு முதல் பக்கத்தில் ஒரு படம், ஏதோ ஆலை வாசலில் ஆட்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறார். மேலே கொட்டை எழுத்தில் நானூறு பேர் என்றும் பக்கத்தில் அதே லெட் கோ என்றும் போட்டிருந்தது. வீட்டுக்குப் போகவிட்டால் எதற்கு அழுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். முடிதிருத்துபவர் அழைத்ததுகூடக் காதில் விழவில்லை, வெட்டிக்கொள்ளாமலே எழுந்து வந்துவிட்டேன். உன் பழைய குண்டு அகராதி அலமாரி மேல்தட்டில் இருந்தது, நீ போட்ட பழுப்பு அட்டை இன்னும் கிழியவில்லை. அதில் லெட் என்ற வார்த்தைக்கு அடியில் பொடி எழுத்தில் ஐந்தாவதோ ஆறாவதோ அர்த்தமாக இருந்தது, வேலையிலிருந்து நீக்குதல் என்று.

அப்போதே நாலு படி இறங்கிப் போய் அந்தம்மாவிடம் சொல்லியிருந்தால் இது தவறு என்பதோடு நின்றிருக்கும். நான் போகவில்லை. ஆறு நாள் போகவில்லை. பையன் ஒருவேளை நிஜமாகவே வந்துவிட்டால் இந்தப் பேச்சே எழாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்து மணிக்கு அவள் போவது தெரியக்கூடாது என்று ஜன்னலோரம் இருந்த நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டேன், ஏன் என்று அம்மா கேட்டதற்குக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். ஊரில் ஒரு பேர் இருக்கிறது, அது போய்விடுமே என்ற பயம் மகளே, வேறொன்றும் இல்லை. அறுபத்தேழு வயதில் அந்தப் பேரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்று அந்த ஆறு நாளில் ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை.

ஏழாம் நாள் காலையில் அவளே மேலே வந்தாள். மகனுக்கென்று ஒரு சட்டை தைத்திருந்தாள், அவனும் உங்கள் உயரம்தான் சார், தோள் மட்டும் சரியாக இருக்கிறதா பார்த்துக்கொள்கிறேன் என்று என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். போட்டுக்கொண்டு நின்றேன். அவள் வாயில் நாலு குண்டூசியை வைத்துக்கொண்டு என் தோள் தையலை இழுத்து இழுத்துப் பார்க்கிறாள், முதுகைத் தட்டி நேராக நிற்கச் சொல்கிறாள், என்னால் நிற்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். நான் படித்தது தப்பு, உங்கள் பையனை வேலையை விட்டு நீக்கியிருக்கிறார்கள், எனக்கு ஆறு நாளாகவே தெரியும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சில் குத்தினாள். அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற யார்கிட்டயாவது கேட்டிருப்பேனே சார். சட்டையைக் கழட்டுங்க."

கத்தவில்லை, அழவில்லை. சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். நான் பனியனோடு நின்றுகொண்டிருந்தேன், அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று பகலே அவளோடு நானும் போனேன், அவள் வாருங்கள் என்றும் சொல்லவில்லை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஆபீசில் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், கடிதத்தை அரை நிமிஷத்தில் படித்துவிட்டு அர்த்தத்தைச் சொல்லி, பையனோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ஆளின் நம்பரைத் தேடிப் போன் போட்டுக் கொடுத்தாள். இரும்புத் தகடு கையில் விழுந்திருக்கிறது, அதைப்பற்றி மேஸ்திரியோடு வாய்த்தகராறு ஆகி வேலை போயிருக்கிறது, அம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று போனை அணைத்துவிட்டு அறையிலேயே கிடந்திருக்கிறான். கைக்கு அவனே துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தான், அதற்குள் புண் புரையோடிப்போய் சுண்டுவிரலை எடுக்கவேண்டியதாயிற்று. முன்னாலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, தையல்காரம்மாவும் கேட்கவில்லை. கடிதம் வந்த நாளிலிருந்து எண்ணினால் இருபத்துநாலு நாள், அதில் ஆறு நாள் தெரிந்தே நான் விட்டது. படிக்கட்டில் பார்த்தால் இப்போதும் அந்தம்மா எனக்குத் தலையை ஆட்டுகிறாள், நான்தான் சுவர்ப் பக்கம் ஒதுங்கிப் போகிறேன். கட்டிடத்தில் ஒருவருக்கும் அவள் இதைச் சொல்லவில்லை. நேற்றுகூட இரண்டாம் மாடி எலக்ட்ரீஷியன் இங்கிலீஷ் சார் என்று ஒரு காகிதத்தை நீட்டினார்.

இவ்வளவையும் உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். அந்த ஆபீஸ் பெண் போகிறபோக்கில் ஒன்று சொன்னாள், இதையெல்லாம் வார்த்தை வார்த்தையாகப் பிரித்தால் வராது அங்கிள், சேர்ந்து வரும்போது அர்த்தமே வேறு, இதற்கென்றே தனிப் புத்தகம் இருக்கிறது என்று. பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கினேன். முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்து, பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி ஒரு நாளைக்கு நாலு பக்கம். மூன்றாவது எழுத்து வந்த அன்று மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன், அதில் ஒரு வரியைப் பார்த்ததும் இதை நம் பெண்ணின் கையெழுத்தில் பார்த்திருக்கிறோமே என்று மனசுக்குள் இடித்தது. உன் கடிதங்களைப் போட்டு வைத்திருக்கும் தகரப் பெட்டியை இறக்கினேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கடிதம். அவரும் நானும் 'கால் இட் எ டே' என்று முடிவெடுத்துவிட்டோம் அப்பா, அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் போனில் சொல்ல முடியாது, என்று எழுதியிருந்தாய். டே என்றால் நாள், முடிவெடுத்துவிட்டோம் என்கிறாய், கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டீர்கள் என்று நான் படித்தேன். போனில் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். இத்தோடு முடித்துக்கொள்வது, விட்டுவிடுவது, என்று அந்தப் புத்தகம் சொல்கிறது. உன்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்று நான் முகம் சுளித்து, நீ ஒரு வருஷம் போராடி, அரைமனசாக நான் சம்மதித்த கல்யாணம் அது. அது நின்றுபோய்விட்டது என்று நீ எழுதியதற்கு நான் என்ன பதில் போட்டேன் என்று உனக்கு மறந்திருக்காது. இந்தச் செய்திக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன், நல்ல முடிவு எடுத்தாய், மிக்க சந்தோஷம், அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தாள், என்று எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். அதைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், நினைக்கத் தொடங்கிய இடத்திலேயே மனசு நின்றுவிடுகிறது. அந்த மனுஷர் போனதற்கு அப்பா இனிப்புக் கொடுத்துக் கொண்டாடுகிறார் என்றுதானே நீ எடுத்துக்கொண்டிருப்பாய். அப்புறம் ஐந்து மாதம் உன்னிடமிருந்து கடிதம் இல்லை, வேலை அதிகம் போலிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

பெட்டியில் இருந்த மற்றதையும் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அதற்கு முன்னால் வந்த ஒரு கடிதத்தில் அவருக்கு 'கோல்டு ஃபீட்' என்று எழுதியிருந்தாய். அங்கே குளிர் அதிகம், பாவம் அவருக்குக் கால் ஜில்லிட்டுப் போகிறது என்று நினைத்து இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை வாங்கிப் பார்சல் அனுப்பினேனே. கல்யாணத்துக்குப் பயந்து பின்வாங்குகிறார் என்று நீ என்னிடம் யோசனை கேட்டிருக்கிறாய். காலுறையைப் பார்த்துச் சிரிப்பும் அழுகையும் வந்தது என்று பதில் போட்டாய், அதையும் நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சலூனில்கூடச் சொன்னேன். ஐந்து மாதம் கழித்து ஒரு அட்டை வந்தது, தண்ணீருக்கு மேலே தலையை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இங்கிலீஷில் ஒரே வரி. நீச்சல் கற்றுக்கொள்கிறாள் நம் பெண் என்று அம்மாவிடம் சொன்னேன், ஆழமான பக்கம் போகாதே, தலையை ஈரத்தோடு விடாதே என்று உனக்கு எழுதினேன். மூழ்காமல் எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கிறேன் என்று நீ சொல்லியிருக்கிறாய். அந்த வரிகளைத் தப்பாகப் படித்தது மட்டும் இல்லை, உன் இங்கிலீஷ் முன்னேறியிருக்கிறது என்று ஒவ்வொரு பதிலிலும் மதிப்பெண் வேறு போட்டிருக்கிறேன்.

அம்மா போனில் தேதி கேட்டபோது நீ அதெல்லாம் இல்லை, கேட்காதே என்றாய். நாள் குறித்துவிட்டு நீயே கலைத்துவிட்டாய் என்று நினைத்து நான் போனைப் பிடுங்கி, எழுதுவது ஒன்று செய்வது ஒன்றா, எங்களை என்ன என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், என்று கத்தினேன். நீ போனை வைத்துவிட்டாய். பெரியவர்களை மதிக்கத் தெரியவில்லை என்று அதற்கும் இரண்டு வருஷமாக உன்மேல் மனசுக்குள் கோபம் வைத்திருந்தேன். நீ எழுதியதும் ஒன்றுதான், செய்ததும் ஒன்றுதான். என்னால்தான் அதைப் படிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இந்தத் தடவை ஆறு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நம்ம பொண்ணு அழுதுக்கிட்டு எழுதினதுக்கு நாம சிரிச்சுக்கிட்டு பதில் போட்டிருக்கோம்" என்றாள். நான் செய்ததில் நாம் என்று தன்னையும் சேர்த்துக்கொண்டாள் பார், அதுதான் எனக்கு இன்னும் குத்துகிறது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து மேஜையில் வைத்து, நீங்களே எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள், சமாளித்து எழுதாதீர்கள் என்றாள். நாலு காகிதம் கிழித்துப் போட்டுவிட்டேன், இது ஐந்தாவது.

மன்னித்துவிடு என்று கேட்க வாய்வரை வருகிறது, ஆனால் உடனே நீ பரவாயில்லை அப்பா என்று எழுதிவிடுவாய், உன் சுபாவம் அது, அதனால் இப்போது அதைக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேறு கேட்கிறேன். அந்தக் குளிர்காலத்தில் உன்னோடு யார் இருந்தார்கள். வேளைக்குச் சாப்பிட்டாயா. என் கடிதத்தைப் படித்த அன்று வேலைக்குப் போனாயா, போகாமல் படுத்துக்கிடந்தாயா. அந்த மனுஷர் உன்னை மரியாதையாக நடத்தித்தான் பிரிந்தாரா. இப்போது தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. இதற்கெல்லாம் எப்போது முடியுமோ அப்போது எழுது, அவசரமில்லை. என்மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது, மழுப்பாமல் எழுது, நம் பாஷையில் எழுது.

தையல்காரம்மாவின் மகன் கட்டுப் பிரித்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறான், காகிதம் நிரப்பக் கூடவே நானும் போகிறேன். தெரியாத வார்த்தை வந்தால் அங்கிருக்கும் நர்ஸிடம் கேட்கிறேன். முதல் நாள் கேட்கும்போது காது மடல் சுட்டது, இப்போது பழகிக்கொண்டு வருகிறது. எலக்ட்ரீஷியனிடமும் இது எனக்குப் புரியவில்லை தம்பி என்றுதான் சொன்னேன், அவர் நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தார், இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். ரத்தம் குறைவு என்று போன வருஷம் கொடுத்த மாத்திரையை நடுவில் நிறுத்தாதே. குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. அங்கே உன்னோடு சிநேகமாக இருக்கும் யாராவது ஒருவருடைய நம்பரை அம்மாவுக்குக் கொடுத்து வை, நாங்கள் தொந்தரவு செய்யமாட்டோம். வரச்சொன்னால் கிளம்பி வருகிறோம், வேண்டாம் என்றால் இங்கேயே இருக்கிறோம், உன் இஷ்டம்தான். நீ எங்கே இருந்தாலும் நெஞ்சு நோகாமல் நன்றாக இருக்கவேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா போன் செய்வாள், நீ அவளிடம் பேசு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், கை நீட்டிப் போனை வாங்கமாட்டேன். அப்பாவிடம் கொடு என்று நீயாகச் சொன்னால் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா